வீட்டுக் கணிப்பொறியில் பல தட ஒலிப்பதிவு: குறைந்த செலவில் கருவி வாங்குவது எப்படி?

தங்கவயல் தமிழ்க் குடும்பங்களில் இன்று கணிப்பொறி இல்லாத வீடு குறைவு. நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறிப் போய்வரும் பிள்ளைகள் தவணையிலாவது ஒரு லேப்டாப் வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணிப்பொறியைக் கொண்டே வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய முடியுமா, அதற்கு இன்னும் என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும் என்று நம் சங்கத்து இளைஞர்கள் பலரும் என்னைக் கேட்டு வருகிறார்கள். கோரமண்டலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மைக் செட் வாடகைக்கு விட்டவன் நான். இப்போது சங்கத்தின் ஒலிப்பதிவு வேலையைப் பார்த்து வருகிறேன். அந்த இரண்டு வகையிலும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதற்காக இந்த வேலையில் இறங்கினோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் கருவியைத் தேர்ந்தெடுப்பது அதைப் பொறுத்ததே. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, லைன் வீடுகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் பிள்ளைகளோடு போய்விட்டார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்தும் வந்த பாட்டன் பாட்டிகள் கொண்டுவந்த பாடல்கள் அவர்களோடு இருந்தன. ஒப்பாரி, தாலாட்டு, மாரியம்மன் திருவிழாப் பாட்டு, ஷிப்டு முடிந்து வருபவர்கள் கட்டிப் பாடிய கேலிப் பாட்டு என்று எத்தனையோ வகை. தெரிந்தவர்கள் யார் யார் என்று சங்கத்தில் ஒரு பட்டியல் போட்டோம். பதினான்கு பெயர்கள் வந்தன. பட்டியல் போட்டு ஓராண்டு முடிவதற்குள் அதில் மூவர் காலமாகிவிட்டார்கள். இவர்களைப் பெங்களூருக்கு அழைத்துப்போய் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஸ்டுடியோவில் உட்கார வைப்பது நடக்கிற காரியமல்ல. எண்பது வயது மூதாட்டி ஒருவர் கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்ந்து, சிவப்பு விளக்கு எரிந்ததும் ஒப்பாரி வைக்க வேண்டும் என்றால் அவருக்கு எப்படிக் குரல் வரும்? ஆகவே ஸ்டுடியோவை இங்கே கொண்டுவருவது என்று முடிவாயிற்று. உறுப்பினர்களிடம் வசூலித்த தொகை 30,000 ரூபாய். கணிப்பொறி ஒருவர் இரவல் கொடுத்தார்.

சரி, பல தடப் பதிவு என்றால் என்ன? செல்போனில் பதிவு செய்தால் பாடுபவர் குரல், மேளம், தெருவில் போகும் ஆட்டோ எல்லாம் ஒன்றாகக் கலந்து விழும். பிறகு மேளத்தை மட்டும் குறைக்க முடியாது. பல தடப் பதிவில் ஒவ்வொரு மைக்கும் தனித்தனித் தடத்தில் பதிவாகும். பிறகு சாவகாசமாக உட்கார்ந்து ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் குறைத்து, வேண்டாததை நீக்கிக் கலந்துகொள்ளலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிய விஷயமே அல்ல. பெரியவர்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்று சொல்லும் பாறை வெடிப்பு எந்த இடத்தில் நடந்தது என்று கண்டுபிடிக்க, சுரங்கத்தைச் சுற்றிப் பல இடங்களில் ஜியோபோன்களை வைத்து, எல்லாவற்றின் அதிர்வையும் ஒரே காலக்கணக்கில் தனித்தனியாகப் பதிவு செய்தார்கள். எந்த ஜியோபோனுக்கு அதிர்வு முதலில் வந்தது, எதற்கு எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்து இடத்தைக் கணக்கிடுவார்கள். ஒலிப்பதிவுத் தடங்களும் அப்படித்தான்: தனித்தனியாக இருக்க வேண்டும், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே கடிகாரம் ஓட வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். காசு விரயமாகும் இடம் ஒன்று இதில் இருக்கிறது.

இந்தத் தொழில்நுட்பம் வீட்டுக்கு வந்த கதையும் சுவையானது. 1967-இல் பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜண்ட் பெப்பர்' இசைத்தட்டு லண்டன் ஸ்டுடியோவில் நான்கு தட இயந்திரங்களில்தான் பதிவானது. நான்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு இயந்திரத்துக்கு மாற்றி, மேலும் தடங்களைச் சேர்த்தார்கள். 1979-இல் ஜப்பானின் டியாக் நிறுவனம் 'போர்ட்டாஸ்டுடியோ 144' என்ற கருவியை வெளியிட்டது. நாம் பாட்டுக் கேட்ட அதே சாதாரண கேசட்டில், ஏ பக்கம் பி பக்கம் என்று திருப்பாமல், இரு பக்கத்து இடத்தையும் சேர்த்து ஒரே திசையில் நான்கு தடங்களாகப் பதிவு செய்தது. வீட்டில் உட்கார்ந்து பாட்டு அமைக்கலாம் என்ற எண்ணம் உலகெங்கும் அப்போதுதான் பரவியது. சென்னையில் ஏ.ஆர்.ரகுமான் கோடம்பாக்கத்து வீட்டை ஒட்டி 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' ஸ்டுடியோவை 1989-இல் அமைத்தார். 1992-இல் வெளிவந்த 'ரோஜா' பாடல்கள் அங்கிருந்து பிறந்தவை. முதல் பதிவுக் கருவி வாங்குவதற்குத் தம் தாயார் நகைகளைக் கொடுத்து உதவியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்று அதே வேலையை நகையை விற்காமல் செய்யலாம். ஆனால் தெரியாமல் வாங்கினால் ஒரு மோதிரத்தின் விலையாவது போய்விடும்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒரே நேரத்தில் எத்தனை மைக்? மொத்தம் எத்தனை தடம் என்பது வேறு கேள்வி. அது மென்பொருளின் வேலை. நூறு தடம்கூட வைக்கலாம். ஒரே நேரத்தில் உள்ளே வரவேண்டிய மைக்குகளின் எண்ணிக்கையே விலையைத் தீர்மானிக்கிறது.

மெல்லிசைப் பாட்டு அமைக்கும் இளைஞர்களுக்கு இரண்டு போதும். முதலில் கிதாரோ கீபோர்டோ பதிவு செய்து, அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடி, பிறகு இரண்டாவது குரல் சேர்த்து, இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம். இதில் நான் எந்தக் குறையும் சொல்லமாட்டேன். சினிமாப் பாட்டுக்கள் பலவும் இப்படித்தான் பதிவாகின்றன.

நாட்டுப்புறப் பாட்டுக்கு அந்த வழி ஆகாது. ஒப்பாரியில் ஒருத்தி எடுத்துக்கொடுத்தால் மற்றவள் பதில் சொல்வாள். அவள் முகத்தைப் பார்த்து, மூச்சு விடுமிடம் பார்த்து, அடுத்தவள் ஆரம்பிப்பாள். தனித்தனியாக உட்காரவைத்துப் பதிவு செய்தால் சொல் இருக்கும், ஒப்பாரி இருக்காது. எனவே மூன்று பெண்களுக்கு மூன்று மைக், கேள்வி கேட்பவருக்கு ஒன்று, ஆக நான்கு. வயதானவர் ஒருவர் சுரங்க அனுபவம் சொல்லிப் பாடினால் இரண்டு போதும். பஜனைக் குழுவுக்கு ஆர்மோனியம், டோலக், ஜால்ரா, முதல் குரல், பின்பாட்டு என்று ஐந்தாறு ஆகிவிடும். அதை நான்குக்குள் அடக்கலாம், பின்பாட்டுக்காரர்கள் நால்வரை ஒரு மைக்கைச் சுற்றி நிறுத்தினால் போதும். பறைக்கும் தவிலுக்கும் எட்டு மைக் வைத்தாலும் பயனில்லை, ஏனெனில் ஒரே அறையில் அடித்தால் அதன் சத்தம் எட்டு மைக்கிலும் புகுந்துவிடும். ஆகவே எங்கள் கணக்கு நான்கில் நின்றது. இரண்டுக்கும் நான்குக்கும் விலை வித்தியாசம் தாங்கக்கூடியது. நான்கிலிருந்து எட்டுக்குப் போனால் மைக், ஸ்டாண்டு, கேபிள் எல்லாமே இரட்டிக்கும் என்பதை மறக்கக்கூடாது.

மைக்கைக் கணிப்பொறியோடு இணைக்கும் பெட்டிக்கு 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்று பெயர். எஸ்.பி. ரோடு கடைகளில் 'சவுண்ட் கார்டு' என்று கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். மைக்கின் மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கி, எண்களாக மாற்றி, யுஎஸ்பி வழியாக உள்ளே அனுப்புவது இதன் வேலை. இங்கே மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, பெயரில் இருக்கும் எண். '18ஐ20' என்று ஒரு ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் பெட்டியின் மேல் போட்டிருந்தால் பதினெட்டு மைக் போடலாம் என்று அர்த்தமல்ல. மைக் போடும் வாய் எட்டுதான். மற்றவை டிஜிட்டல் வழியாக வேறு கருவிகளை இணைப்பதற்கானவை. பெரிங்கர் நிறுவனத்தின் யுஎம்சி1820 பெட்டியும் அப்படியே: மைக்குக்கு எட்டு. சில பெட்டிகளில் '4' என்று இருக்கும், அதில் மைக் வாய் இரண்டு, மற்ற இரண்டு கீபோர்டு போன்றவற்றுக்கானவை. ஆகவே அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணைப் பார்க்காதீர்கள். மைக் ப்ரீஆம்ப் எத்தனை என்று கேளுங்கள். மூன்று துளையுள்ள எக்ஸ்எல்ஆர் வாய்களை விரலால் எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, யுஎஸ்பி மிக்சர். பலரும் விழும் பள்ளம் இது. எட்டு மைக் போடும் மிக்சர், பின்னால் யுஎஸ்பி துளையும் இருக்கிறது, விலையும் மலிவு. இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் மலிவு விலை மிக்சர்களில் பெரும்பாலானவை எட்டு மைக்கையும் உள்ளேயே கலந்து, இடது வலது என இரண்டே தடமாகத்தான் கணிப்பொறிக்கு அனுப்பும். செல்போனில் பதிவு செய்ததற்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாக அனுப்பும் மிக்சர்களும் உண்டு. சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே, ஜூம் லைவ்டிராக் எல்-12 ஆகியவை அந்த வகை. விலை வேறு உயரத்தில் இருக்கும். விற்பவரிடம் 'யுஎஸ்பி இருக்கிறதா' என்று கேட்காமல், 'யுஎஸ்பியில் எத்தனை தடம் தனித்தனியாகப் போகும்' என்று கேட்க வேண்டும். பதில் சொல்லத் தெரியாவிட்டால் வேறு கடைக்குப் போங்கள்.

மூன்றாவது, முன்னே சொன்ன கடிகாரம். இரண்டு மைக் போடும் பெட்டி ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இன்னொன்று வாங்கிவிட்டால் நான்கு ஆகிவிடுமே என்று சிக்கனமாக யோசிப்பவர்கள் உண்டு. ஆகாது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனித்தனி கடிகாரம் ஓடுகிறது. ஒன்றுக்கொன்று ஒரு லட்சத்தில் ஐந்து பங்கு வித்தியாசம் இருந்தாலே நிமிடத்துக்கு 3 மில்லிசெகண்ட் விலகும். அரை மணி நேர ஒப்பாரியின் முடிவில் 90 மில்லிசெகண்ட் தள்ளிப்போய், ஒரே குரல் இரட்டையாக எதிரொலிப்பது போலக் கேட்கும். அதோடு விண்டோஸில் பதிவு மென்பொருள்கள் வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு பெட்டியின் அசியோ டிரைவரையே ஏற்கும். நான்கு வேண்டும் என்றால் நான்கு வாயுள்ள ஒரே பெட்டியாக வாங்குங்கள்.

நாங்கள் வாங்கியது பெரிங்கர் யுஎம்சி404எச்டி என்ற பெட்டி. நான்கு மைக் வாய், 24 பிட் பதிவு, 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் வசதி எல்லாம் உண்டு. யுஎஸ்பி மின்சாரத்தில் மட்டும் ஓடாது, தனி அடாப்டர் வேண்டும். அது ஒரு குறைதான். இரண்டு வாய் உள்ள சிறிய பெட்டிகள், ஸ்கார்லெட் 2ஐ2 போன்றவை, லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். இந்த விஷயத்தில் எங்களுக்கு வந்த பிரச்சினை கருவியால் வந்ததல்ல, வழக்கத்தால் வந்தது. யாரும் இறக்காத வீட்டுக்குள் ஒப்பாரி பாடுவது ஆகாது என்று பாட்டிமார்கள் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். மருமகள் கர்ப்பமாக இருக்கும் வீட்டில் ஒப்பாரிக்கு யார் சம்மதிப்பார்கள்? ஆகவே சங்கக் கட்டடத்துத் தாழ்வாரத்தில் பாய் விரித்தோம். அங்கே மின்சாரம் உண்டு என்பதால் அடாப்டர் பெட்டி ஒத்துவந்தது. தோப்பிலோ மரத்தடியிலோ கோயில் வெளியிலோ பதிவு செய்ய நினைப்பவர்கள் ஜூம் எச்6 போன்ற கையடக்கப் பதிவுக் கருவியைப் பார்க்கலாம். அதில் நான்கு மைக் வாய் இருக்கிறது, சாதாரண பென்சில் பேட்டரி நான்கு போட்டால் ஓடும், வீட்டுக்கு வந்ததும் கணிப்பொறிக்கு இன்டர்ஃபேஸாகவும் பயன்படும். எங்கள் 30,000-க்குள் அதையும் மைக்குகளையும் சேர்த்து வாங்க வழியில்லை.

மின்சாரம் என்றதும் ஒன்று. சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து 1902-லேயே, தொண்ணூறு மைலுக்கு மேல் கம்பி இழுத்து, மின்சாரம் கொண்டுவரப்பட்ட ஊர் நம்முடையது. பெங்களூர் நகரத்துக்கே அப்போது விளக்கு வரவில்லை. அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டே யுபிஎஸ் ஒன்றும் வாங்கி வையுங்கள். பாட்டின் நடுவே கரண்ட் போனால் பாட்டி மறுபடியும் முதலிலிருந்து பாடுவார் என்று நம்பக்கூடாது. எர்த் சரியில்லாத வீட்டில் 'ங்ங்' என்ற இரைச்சல் தடத்தில் ஏறும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அதற்காக எர்த் முள்ளை உடைத்துவிடும் பழக்கம் நம் மைக் செட் பையன்களிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உயிருக்கு ஆபத்து.

இனி மைக். புதிதாக ஆரம்பிப்பவர்கள் கன்டென்சர் மைக்கைத்தான் தேடுகிறார்கள், படங்களில் பாடகர் முன்னால் தொங்குவதைப் பார்த்துவிட்டு. அது நல்ல மைக்தான், நல்ல அறைக்கு. லைன் வீட்டில் தகர ஷீட்டுக் கூரை, சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில், காலையில் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு ரயில் வரும் சத்தம். கன்டென்சர் இத்தனையையும் துல்லியமாகப் பதிவு செய்து கொடுக்கும். நமக்கு வேண்டியது எதிரே இருக்கும் வாயை மட்டும் கேட்டுவிட்டு மற்றதைப் பொருட்படுத்தாத மைக். டைனமிக் மைக் அந்த வேலையைச் செய்யும். 1966-இல் வெளிவந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் விற்பனையாகிறது என்பதே அந்த வகைக்குச் சான்று. நான்கும் ஷூராக வாங்கினால் எங்கள் பணம் அதிலேயே தீர்ந்திருக்கும். ஒன்று மட்டும் வாங்கினோம். மற்ற மூன்றும் என் மைக் செட்டில் இருந்த பழைய அஹுஜா மைக்குகள். மைக்கின் அடியில் மூன்று முள் இருந்து, கேபிளின் மறுமுனையில் மட்டும் பருமனான 6.3 மி.மீ. ஜாக் இருந்தால், அந்த ஜாக்கை வெட்டி எடுத்துவிட்டு எக்ஸ்எல்ஆர் பின் வைத்து சால்டர் செய்யலாம். கேபிளுக்குள் இரண்டு கம்பியும் அவற்றைச் சுற்றி வலையும் இருக்க வேண்டும். வலை 1-ஆம் முள்ளுக்கு, இரண்டு கம்பிகளும் 2, 3-க்கு. மைக் பக்கமும் அதே வரிசை இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மைக்கில் மட்டும் 2, 3 மாறிப்போனால், இரண்டு மைக் சேரும்போது குரல் மெலிந்து கேட்கும்.

மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே அல்லாமல் சற்று ஓரமாக வையுங்கள். பாட்டிமார்கள் மைக்கைக் கையில் பிடித்தால் வளையல் சத்தம் விழும், ஸ்டாண்டு அவசியம். இரண்டு மைக்குக்கு இடையே உள்ள தூரம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும்.

கணிப்பொறிக்குப் புதிதாகச் செலவு செய்யத் தேவையில்லை. 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் இருந்தால் நான்கு தடம் தாராளமாக ஓடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 பிட், நொடிக்கு 48,000 மாதிரி என்றால் ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு 8.64 எம்பி. நான்கு தடம் ஒரு மணி நேரம் ஓடினால் 2 ஜிபிக்குச் சற்று மேல். யுஎஸ்பி 2 வழியே இதைவிடப் பல மடங்கு போகும். கணிப்பொறியின் வேகத்தைவிட அதன் விசிறிச் சத்தம்தான் தொல்லை. கோடைக் காற்றில் சயனைடு மேட்டிலிருந்து பறந்துவரும் மாவுபோன்ற தூசு அந்த விசிறியில் படிந்தால் கத்த ஆரம்பிக்கும். பதிவு இல்லாத நேரத்தில் எல்லாவற்றையும் துணி போட்டு மூடிவைப்பதை நாங்கள் விதியாகவே வைத்திருக்கிறோம். பழைய சாமான் கடையில் ஃபயர்வயர் வகைப் பெட்டிகள் எட்டு வாயோடு மலிவாகக் கிடைக்கும். ஆசைப்படாதீர்கள். இன்றைய லேப்டாப்பில் அந்தத் துளையே கிடையாது.

அடுக்கிப் பதிவு செய்யும் இளைஞர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். பாடியது ஹெட்போனில் சற்றுத் தாமதமாகக் கேட்டால் தாளம் குலையும். கணிப்பொறி ஒலியை மூட்டை மூட்டையாகக் கட்டி அனுப்புகிறது. மூட்டையின் அளவே 'பஃபர்'. 1024 மாதிரி கொண்ட மூட்டை என்றால் 48,000 வேகத்தில் 21 மில்லிசெகண்ட். உள்ளே வந்து வெளியே போவதற்குள் இது இரட்டிக்கும். 128 என்று வைத்தால் ஒரு மூட்டைக்கு 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு. காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஓரடிக்குச் சற்று மேல் போகிறது. ஆகவே 10 மில்லிசெகண்ட் தாமதம் என்பது பதினோரு அடி தள்ளி நிற்கும் தவில்காரரைக் கேட்பது போல. அதைச் சமாளித்துவிடலாம். நாற்பது என்றால் முடியாது. பதிவின்போது பஃபரைக் குறையுங்கள், கலக்கும்போது கூட்டுங்கள். பெட்டியில் 'டைரக்ட் மானிட்டர்' வசதி இருந்தால் பாடுபவர் குரல் கணிப்பொறிக்குள் போகாமலே நேராக ஹெட்போனுக்கு வரும், தொல்லையே இல்லை. ஹெட்போன் காதை முழுவதும் மூடும் வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அதன் சத்தமே மைக்கில் ஏறும்.

மென்பொருளுக்கு நாங்கள் ரீப்பரைப் பயன்படுத்துகிறோம். 60 நாள் பழகிப் பார்க்க விடுகிறார்கள். பிடித்திருந்தால் தனி ஆட்களுக்கான உரிமம் 60 டாலர். திருட்டு நகல் வேண்டாம், வைரஸோடு வந்து பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டுப் போகும். லினக்ஸ் தெரிந்த பிள்ளைகளுக்கு ஆர்டர் என்ற மென்பொருள் உண்டு. வெட்டி ஒட்டுவது, இரைச்சல் குறைப்பது போன்ற சில்லறை வேலைக்கு இலவசமான ஆடாசிட்டி நன்றாக உழைக்கிறது.

பதிவின்போது அளவை உயர்த்த வேண்டாம். மீட்டரில் உச்சம் மைனஸ் 12-ஐத் தொட்டால் போதும். கேசட் காலத்தில் இரைச்சலை அமுக்க முள்ளைச் சிவப்புவரை ஏற்றுவோம். 24 பிட்டில் அதற்கு அவசியமில்லை. ஒப்பாரியில் முணுமுணுப்பாக ஆரம்பித்து, மாரடித்து அலறும் இடம் வரும். அந்த இடத்தில் சிவப்பு விழுந்தால் சரிசெய்யவே முடியாது, அந்த அலறலை இரண்டாம் முறை கேட்டு வாங்கவும் முடியாது.

அறைக்குச் செலவே இல்லை. முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. மெல்லிய அட்டை எந்தச் சத்தத்தையும் பெரிதாகத் தடுக்காது. இலவம் பஞ்சு மெத்தை இரண்டைச் சுவரில் சாய்த்து, தரையில் ஜமுக்காளம் விரித்து, பாடுபவருக்குப் பின்னால் கொடியில் கம்பளி தொங்கவிடுங்கள். ஷீட்டுக் கூரை வீட்டில் மழை வந்தால் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான்.

எங்கள் 30,000-இல் இன்டர்ஃபேஸுக்கும் ஷூர் மைக்குக்கும் போனது போக, மிஞ்சியதில் நான்கு ஸ்டாண்டு, கேபிள், பின், ஒரு ஹெட்போன், ஒரு ஹார்ட் டிஸ்க். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாய்க் கணக்கை எழுதவில்லை. ஆனால் மொத்தத்தில் பாதிக்கு மேல் பெட்டிக்குக் கொடுக்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. ஸ்டாண்டு, கேபிள் வாங்கப் பணமில்லாமல் நல்ல பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

ஹார்ட் டிஸ்க் எதற்கு என்று ஒருவர் கேட்டார். முதல் பதிவில் பாடிய மூவரில் ஒருவர் இன்று இல்லை. அவருடைய குரல் தனித் தடத்தில் இருக்கிறது. மற்றவர்களின் தடங்களை நிறுத்திவிட்டு அவர் குரலை மட்டும் அவருடைய பேத்திக்குப் போட்டுக் காட்டினோம். வைட்ஃபீல்டில் வேலை பார்க்கும் பெண், ஆங்கிலப் பள்ளியில் கன்னடமும் இந்தியும் படித்தவள். பாட்டி பாடிய தமிழில் பாதிச் சொல்லுக்கு அவளுக்குப் பொருள் தெரியவில்லை. இடையில் தெலுங்குச் சொற்களும் கலந்திருந்தன, அதுதானே நம் தங்கவயல் பேச்சு. ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். கலந்த ஒரே தடமாக இருந்திருந்தால் மற்ற இருவரின் அழுகையில் அந்தச் சொற்கள் அமுங்கிப் போயிருக்கும். எனவே, கலந்து முடித்த பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மூலத் தடங்களை இடம் போதவில்லை என்று அழித்துவிடாதீர்கள். கணிப்பொறியில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒன்று என மூன்று பிரதிகள் இருக்கட்டும். கோப்பின் பெயரில் பாடியவர் பெயர், லைன், தேதி, எந்த மைக் என்பதை எழுதுங்கள். 'நியூ ஆடியோ 7' என்று விட்டுவிட்டால் ஐந்தாண்டு கழித்து அது யார் குரல் என்று சொல்ல ஆளிருக்காது. பதிவு தொடங்கியதும் பாடுபவரையே தம் பெயரையும், ஊரையும், இதைப் பிறருக்குப் போட்டுக் காட்டச் சம்மதம் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். அதுவும் தடத்திலேயே இருந்துவிடும்.

பட்டியலில் இன்னும் ஒன்பது பேர் பாட வேண்டியிருக்கிறது. பழைய மைக், கேபிள் வைத்திருப்பவர்கள் ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்துக்கு எடுத்துவாருங்கள். சால்டரிங் அயர்ன் நான் கொண்டுவருகிறேன். எக்ஸ்எல்ஆர் பின் மட்டும் நீங்கள் வாங்கிவர வேண்டும்.